விண்வெளி ஆய்வுக்கான பொறியியல் உதவிச் சேவை: மொத்த விலையா, நாள் கணக்கா?

பட்டறைக்காரன் (பந்திங்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பந்திங்கில் பழைய கடைவரிசை ஒன்றின் பின்புறம் ஆறு பேரோடு ஒரு கருவிப் பட்டறை நடத்தி வருகிறேன். சுற்றுவட்டாரச் செம்பனை எண்ணெய் ஆலைகளின் அழுத்தமானிகளையும் வெப்ப உணரிகளையும் கழற்றி வந்து, ஒப்பிட்டு, திருத்தி, அறிக்கையோடு திருப்பிக் கொடுப்பதே இதுவரை எங்கள் பிழைப்பு. குலைகளை அவிக்கும் கலத்தில் நீராவி அழுத்தம் 3 பார் அளவில் நிற்க வேண்டும். முள் பொய் சொன்னால் பழம் காம்பை விட்டு உதிராது, ஆலைக்காரர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார். அந்த வேலையில் எங்களுக்குக் கணக்குப் பிசகியதே இல்லை, ஏனென்றால் ஒரு மானிக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பது எங்கள் கைக்கே தெரியும்.

மலேசியாவின் தேசிய விண்வெளி மையம் எங்கள் ஊருக்கு அருகில் சுங்கை லாங்கில்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, விண்வெளி ஆய்வகங்களுக்கும் தரைநிலையங்களுக்கும் அளவீட்டு வேலை, சோதனைக் கருவிப் பராமரிப்பு, ஆய்வு உதவி போன்ற சேவைகளை அரசாங்கக் குத்தகையில் எடுத்துச் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. தயக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகம் (பெயர் வேண்டாம்) வெற்றிடக் கலம் ஒன்றினுள் 24 இடங்களில் வெப்பநிலை அளக்கும் ஏற்பாட்டைச் செய்து தரும்படி கேட்டது. ஆலை வேலை போலவே நினைத்து மொத்த விலை ஒன்றைச் சொல்லி ஒப்பமும் இட்டுவிட்டேன். முதல் சோதனையில், உணரிகளை ஒட்டிய பசை வெற்றிடத்தில் ஆவி விட்டுக் கலத்தின் கண்ணாடிச் சன்னலில் மங்கலாகப் படிந்தது. எல்லாவற்றையும் பிய்த்து வேறு பசையில் ஒட்டினோம். அதன்பின் ஆய்வாளர்கள் உணரிகளின் இடத்தை மாற்றச் சொன்னார்கள். பிறகு இன்னொரு முறையும் மாற்றச் சொன்னார்கள். மூன்று வாரம் என்று நினைத்த வேலை பதினொரு வாரம் ஆயிற்று, விலை மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது.

ஆகவே என் கேள்வி இதுதான். முடிவு என்னவாகும் என்று கேட்பவருக்கே தெரியாத ஆய்வு வேலைக்கு, பெரிய விண்வெளி நிறுவனங்கள் எந்த வகையில் குத்தகை எழுதுகின்றன? நம் நாட்டு நடைமுறையில் என்னைப் போன்ற சிறிய பட்டறை அதை எப்படி விலை போட வேண்டும்?

பெரிய கிராணி (ஓய்வு) எழுதியது:

தம்பி, எனக்கு விண்வெளி தெரியாது. ஆனால் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் கிராணி (கணக்கெழுதும் எழுத்தர்) வேலை பார்த்தவன் என்ற முறையில், குத்தகையைப் பற்றி ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

குலை வெட்டுவதற்கு நாங்கள் டன் கணக்கில் கூலி கொடுத்தோம். மரத்தின் வயதும் சென்ற மாத விளைச்சலும் ஏட்டில் இருந்தன. வெட்டுகிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. புதிதாக வடிகால் வெட்டும்போதுதான் சிக்கல். எங்கள் பகுதியில் சில வயல்கள் கரிமண் நிலம். மேலே பார்த்தால் வெண்ணெய் போல மண்வெட்டி இறங்கும். ஒருமுறை ஒரு குத்தகைக்காரர் சங்கிலிக்கு (நிலம் அளக்கும் நீள அளவு) இவ்வளவு வெள்ளி என்று விலை பேசினார். முதல் நாலு சங்கிலித் தூரம் இரண்டே நாளில் முடிந்தது. ஐந்தாவதில், நாலடி ஆழத்தில், எந்தக் காலத்துக் காட்டு மரமோ, அடிமரம் அடிமரமாகக் குறுக்கே கிடந்தது. கோடரி போதவில்லை, இயந்திரம் வரவழைக்க வேண்டியதாயிற்று. அவர் பேசிய விலையில் ஒரு காசு கூட்டித் தர நிர்வாகம் ஒப்பவில்லை. ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர், திங்கட்கிழமை ஆட்களோடு காணாமல் போய்விட்டார். வடிகாலும் பாதியில் நின்றது, மழைக்கு வயலும் மூழ்கியது.

அடுத்த ஆண்டு துரை, அதாவது தோட்ட நிர்வாகி, வேறு மாதிரி செய்தார். மண் மட்டும் இருக்கும் இடத்துக்குச் சங்கிலி விலை, மரம் தட்டுப்பட்டால் அந்த நாளுக்கு ஆள் கூலியும் இயந்திர வாடகையும், மரம் இருந்ததைக் கிராணி நேரில் வந்து பார்த்து ஒப்பமிட வேண்டும். அந்தக் கிராணி நான்தான். கரிமண் சேற்றில் முழங்கால் வரை இறங்கி மரத்தை எண்ணியிருக்கிறேன். உங்கள் பசையும் அந்த அடிமரமும் ஒரே சாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடல் கடந்தவன் (டெக்சஸ்) எழுதியது:

கிராணி ஐயா சொன்னதைப் படித்தபோது, இங்கே தடித்தடியான ஒப்பந்தப் புத்தகங்களில் எழுதி வைத்திருப்பதும் ஏறக்குறைய அதுதானே என்று வியந்தேன். நானும் பந்திங் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். குடியுரிமை மாறியபின், நாசாவுக்குப் பொறியியல் உதவிச் சேவை வழங்கும் குத்தகை நிறுவனங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஆகையால் கேள்வியின் முதற்பாதிக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

1958ல் நாசா தொடங்கியதிலிருந்தே அதன் வேலையில் பெரும்பகுதி வெளியார் கையால் நடப்பதுதான். அப்பல்லோ காலத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அந்தத் திட்டத்துக்காக உழைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அரசாங்க ஊழியர்கள் அல்லர், 20,000க்கு மேற்பட்ட நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்தவர்கள். இன்றும் ஓர் ஆய்வு மையத்தின் காற்றுச் சுரங்கத்தை இயக்குபவர், வெப்பக் கணக்குப் போடுபவர், சோதனைக் கலத்தைக் கழுவிச் சுத்தம் செய்பவர் எனப் பலரும் குத்தகை நிறுவனத்தின் சம்பளத்தில் இருப்பவர்களே.

இத்தகைய சேவைக்குப் பெரும்பாலும் எழுதப்படுவது செலவு ஈட்டு ஒப்பந்தம். நியாயமாகச் செலவானதை, கணக்குக் காட்டினால், அரசாங்கம் திருப்பித் தரும். அதற்கு மேல் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம். இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். செலவில் இத்தனை விழுக்காடு இலாபம் என்று எழுதுவதை அமெரிக்கச் சட்டமே தடை செய்திருக்கிறது, ஏனென்றால் அப்படி எழுதினால் செலவைக் கூட்டக் கூட்டத்தான் நிறுவனத்துக்கு வருமானம் கூடும். அதனால் தொடக்கத்தில் மதிப்பிட்ட செலவை வைத்துக் கட்டணத்தை ஒரு தொகையாக நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வு வேலைக்கு அந்தத் தொகை மதிப்பீட்டுச் செலவில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மற்றச் சேவைகளுக்குப் பொதுவாக 10 விழுக்காடு. வேலை இழுத்துக்கொண்டு போய்ச் செலவு இரட்டிப்பானாலும் கட்டணம் அதேதான். இன்னொரு வகையில், கட்டணத்தின் ஒரு பகுதியை மதிப்பெண்ணுக்குக் கட்டிவிடுகிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வேலையின் தரத்தை எடைபோட்டு, அதற்கேற்பக் கொடுப்பார்கள்.

ஒப்பந்தம் ஒன்றாக இருந்தாலும், வேலை துண்டு துண்டாகப் பணி ஆணைகள் மூலமாகவே வரும். மேல் ஒப்பந்தத்தில் கூலி விகிதங்களும் உச்சவரம்பும் இருக்கும். இன்ன கலத்தில் இன்ன சோதனை, இத்தனை மணி நேரம் என்பது ஒவ்வோர் ஆணையிலும் தனியாக எழுதப்படும். எனவே ஐந்தாண்டு வேலையை முதல் நாளே யாரும் சோதிடம் பார்த்து விலை போடத் தேவையில்லை.

மொத்த விலை முறையையும் நாசா நன்றாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது. விண்வெளி வீரர்களைச் சுற்றுப்பாதை நிலையத்துக்கு ஏற்றிச் செல்ல 2014ல் இரண்டு நிறுவனங்களுக்கு நிலையான விலையில் ஒப்பந்தம் கொடுத்தார்கள்: போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்சுக்கு 260 கோடி டாலர். ஸ்பேஸ்எக்ஸ் 2020ல் ஆட்களை ஏற்றிச் சென்றது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில்தான் ஆட்களோடு சென்றது, செப்டம்பரில் ஆளில்லாமல் திரும்பி வந்தது; அந்த நிறுவனத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் கைநட்டம். மறுபுறம், செலவு ஈட்டு முறையில் நடந்த வெப் தொலைநோக்கி, முதலில் சொன்ன காலத்தைவிடப் பத்தாண்டுக்கு மேல் தாமதித்து 2021 டிசம்பர் 25ல் புறப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 1,000 கோடி டாலர், அதைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் வரி கட்டியவர்கள். போயிங் போன்ற மலைக்கு அந்த நட்டம் காயம், ஆறு பேர் பட்டறைக்கு அதில் நூற்றில் ஒரு பங்கின் நூற்றில் ஒரு பங்கு வந்தாலே கதவு சாத்த வேண்டியதுதான். அதைத்தான் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

உங்கள் பசை விவகாரத்துக்கு வருகிறேன். வெற்றிடத்தில் பயன்படும் பொருளை 125 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைத்துப் பார்த்து, எடை இழப்பு 1 விழுக்காட்டுக்குள்ளும் குளிர்ந்த பரப்பில் படியும் ஆவி 0.1 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமான வரம்பு. அந்த ஒரு வரி வேலை விவரத்தில் இருந்திருந்தால் நீங்கள் அந்தப் பசையைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். இல்லாததால், மறுபடி ஒட்டும் செலவு யாருடையது என்று கேட்கும் உரிமையாவது உங்களுக்கு இருந்தது. கேட்டீர்களா?

இம்முறையின் கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குத்தகை ஊழியரை அரசாங்க அதிகாரி நேரடியாக வேலை வாங்கக் கூடாது என்பது விதி. அப்படிச் செய்தால் அது சேவை ஒப்பந்தமாக இல்லாமல் ஆள் பிடிக்கும் வேலையாகிவிடும். ஆனால் ஒரே மேசையில் பத்தாண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குள் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனம் வென்றால், பழைய ஆட்களையே புதிய நிறுவனம் எடுத்துக்கொள்ளும். எனக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மாலை பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலை அதே நாற்காலிக்கு வேறு நிற அட்டை கொடுத்தார்கள். கணினி அதே, வேலை அதே, அதிகாரி அதே. சேர்த்து வைத்திருந்த விடுப்பு மட்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. தோட்டம் கைமாறியபோது என் தாத்தா சொன்ன புலம்பலை நான் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அனுபவித்தேன்.

இன்னொன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாமா என்று பலரும் எனக்குத் தனியே எழுதிக் கேட்கிறார்கள். விண்வெளித் தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வருவதால், குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாதவருக்கு அங்கே கதவு ஏறக்குறைய மூடியதுதான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனமோ உறுப்பு நாடுகள் கட்டும் பணத்துக்கு ஏற்ப அந்தந்த நாட்டு நிறுவனங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. அதில் மலேசியா உறுப்பினர் அன்று. ஆகவே உள்நாட்டில் வாய்ப்பு தேடும் உங்கள் எண்ணம் சரியானதே.

விலைப்புள்ளி அக்கா (கிள்ளான்) எழுதியது:

டெக்சஸ் தம்பி விரிவாக எழுதியிருப்பதை மதிக்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டுப் பட்டறைக்காரர் இங்கே செலவு ஈட்டு ஒப்பந்தம் கேட்டு எந்த முகப்பிலும் போய் நிற்க வேண்டாம், சிரித்து அனுப்பிவிடுவார்கள். அரசாங்கக் கொள்முதலுக்கு விலைப்புள்ளி தயாரித்துக் கொடுப்பதே என் தொழில். நான் கையாண்டவற்றில் ஏறக்குறைய எல்லாமே நிலையான விலை, அல்லது நிலையான விகிதப் பட்டியல்.

முதலில் அடிப்படை. நிதி அமைச்சில் நிறுவனத்தைப் பதிவு செய்து, இ-பெரோலேஹான் என்னும் அரசாங்க இணையக் கொள்முதல் தளத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பதிவுச் சான்றிதழில் சரியான துறைக் குறியீடு இருக்க வேண்டும். கருவி விற்பதற்கு ஒரு குறியீடு, பராமரிப்பதற்கு ஒரு குறியீடு. விளம்பரத்தில் கேட்ட குறியீடு உங்களிடம் இல்லையென்றால், உங்கள் திறமையைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டார்கள். சில விலைப்புள்ளிகள் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) தகுதி பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே திறந்திருக்கும், விளம்பரத்திலேயே எழுதியிருக்கும்; அவற்றைப் பார்த்து மனம் நோவதைவிட, அந்தத் தகுதி பெற்ற முதன்மை நிறுவனத்துக்குத் துணைக் குத்தகையாளராகச் சேவை செய்யும் வழியைத் தேடலாம். இட விளக்கக் கூட்டம் கட்டாயம் என்று போட்டிருந்தால், பெயரைப் பதிந்து ஒப்பமிடாமல் வராதீர்கள். காகிதத்தில் கேட்கும் டெண்டர்களின் பெட்டி பொதுவாக நண்பகல் 12 மணிக்கு மூடும். 12 மணி 3 நிமிடத்துக்குக் கையில் உறையோடு படிக்கட்டில் ஓடிவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், காவலாளிகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது விலை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே எண்ணுக்குள் போட்டு அடைக்காதீர்கள். பல விளம்பரங்களில் விகிதப் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும்: தொழில்நுட்பர் ஒரு நாளுக்கு எவ்வளவு, பொறியாளர் ஒரு நாளுக்கு எவ்வளவு, ஒருமுறை வந்து பார்க்க எவ்வளவு. தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் வகைக் குத்தகை அதுதான்; தம்பி சொன்ன பணி ஆணைக்கு நம் வீட்டு உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வேலைகளைத் தேடுங்கள். மொத்த விலை மட்டுமே கேட்டால், விளக்கக் கூட்டத்தில் எழுத்து மூலம் கேள்வி எழுப்புங்கள்: வடிவமைப்பை எத்தனை முறை மாற்றலாம், மாற்றினால் அது புதிய ஆணையா, ஒப்புக்கொள்ளும் அளவுகோல் என்ன. பதில் எல்லாப் போட்டியாளருக்கும் போகும். போனால் போகட்டும், அவர்களும் அதையே கணக்கில் எடுப்பதால் உங்கள் விலை தனித்து உயர்ந்து தெரியாது.

ஆணை கையில் வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். நாம் எல்.ஓ. என்று சொல்லும் அந்தக் கொள்முதல் ஆணைத் தாள் இல்லாத வேலைக்குப் பணம் கேட்க வழியே இல்லை. "நீங்கள் தொடங்குங்கள், தாள் பின்னால் வரும்" என்று அன்பாகச் சொல்வார்கள்; சொன்னவர் மூன்று மாதத்தில் இடமாற்றம் ஆகிவிடுவார். முழுமையான விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) கிடைத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று கருவூல விதி இருக்கிறது. அந்த 'முழுமையான' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் ஒப்பம் குறைந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கவே இல்லை என்று பொருள்.

பட்டறைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. டெக்சஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை: இல்லை, நான் கேட்கவில்லை. மறுபடி ஒட்டச் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தேன், கேட்டால் அடுத்த வேலை வராதோ என்ற பயம். அடுத்த வேலை எப்படியும் வரவில்லை.

அக்கா சொன்னபடி அந்தப் பழைய வேலையை நேற்றிரவு காகிதத்தில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். கம்பி இழுப்பது, இணைப்பது, ஒப்பிட்டுத் திருத்துவது எல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. மொத்த விலை போட்டாலும் பயமில்லை. ஒட்டும் முறையும் உணரியின் இடமும் தெரியாதவை. நாள் விகிதத்தில் போட்டிருக்க வேண்டும். ஆனால் நாள் விகிதம் கேட்டால், அத்தனை நாள் உண்மையிலேயே உழைத்தோம் என்று எதை வைத்து மெய்ப்பிப்பது? என் பையன்கள் காலையில் ஆலைக்குப் போவார்கள், மதியம் இந்த வேலையைத் தொடுவார்கள், இடையில் தேநீர்க் கடையிலும் இருப்பார்கள்.

கடல் கடந்தவன் (டெக்சஸ்) எழுதியது:

இங்கே அதற்குத்தான் நேர ஏடு. ஒவ்வொருவரும் தன் நேரத்தைத் தானே அன்றன்றே, எந்த ஆணைக்கு எத்தனை மணி என்று பிரித்து எழுத வேண்டும். மேலாளர் அதைச் சரிபார்த்து ஒப்பமிடுவார். காகித ஏட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிப்பானால் அழிக்கக் கூடாது, வெள்ளை மையும் பூசக் கூடாது. ஒற்றைக் கோடு கிழித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும், பழைய எண் படிக்கும்படி தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்புவதைத் தணிக்கையாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

பெரிய கிராணி (ஓய்வு) எழுதியது:

தம்பி, இதற்கு டெக்சஸ் வரை போக வேண்டியதில்லை, இது நம் செக்ரோல். விடியற்காலை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யார் எந்த வயலில், என்ன வேலை, முழு நாளா அரை நாளா என்று அங்கேயே எழுதுவோம். ஒரே ஆள் காலையில் உரம் போட்டு மதியம் புல் வெட்டினால் இரண்டு கட்டத்தில் பிரித்துப் போடுவோம், ஏனென்றால் செலவு இரண்டு கணக்குக்குப் போகும். திருத்தினால் கோடு கிழித்து ஒப்பம். அழித்தால் தணிக்கைக்கு வருகிறவர் ஏட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஐயா, அந்த ஏட்டின் கட்டங்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க முடியுமா? அதே அமைப்பில் எங்கள் பட்டறைக்கு ஒன்று அடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பெரிய கிராணி (ஓய்வு) எழுதியது:

தோட்டம் மூடியபோது எரிக்கப் போட்டவற்றிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, கட்டங்கள் நன்றாகத் தெரிகின்றன. சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் இருப்பேன். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏட்டை மட்டும் கேட்காதீர்கள்.